வைனில் வேகும் சிப்பி: சமையல் குறிப்புக்கு ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு பதிப்பின் சமையல் பக்கத்தில் 'வெள்ளை வைனில் மட்டி' என்றொரு குறிப்பு வந்திருந்தது. பிரெஞ்சுக்காரரின் 'மூல் மரினியேர்' தமிழில் வருவது நல்ல விசயம்தான். ஆனால் அதில் சொன்னபடி மாவுத் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவிட்டு, ஒரு தேக்கரண்டி உப்புப் போட்டு, அரைப் போத்தல் வைனில் 15 நிமிடம் கொதிக்கவைத்தால், சட்டியில் மிஞ்சுவது றப்பர்த் துண்டுகளும் வாயில் வைக்க முடியாத உப்புத் தண்ணீரும்தான். மீன்கறி வைக்கும் கை வழக்கத்திலேயே குறிப்பு எழுதப்பட்டிருக்கிறது. இது கறி வைக்கும் வேலையே அல்ல. அடுப்பில் நடப்பது ஐந்து நிமிடம். மற்றதெல்லாம் அதற்கு முன்னாலேயே முடிந்துவிட வேண்டும்.

பிழை பெயரிலேயே தொடங்குகிறது. மட்டி மணலுக்குள்ளும் சேற்றுக்குள்ளும் புதைந்து கிடப்பது. மூல் அப்படியல்ல. நூல் போன்ற இழைகளைச் சுரந்து, பாறையிலோ கயிற்றிலோ மரக்கம்பத்திலோ தன்னைக் கட்டிக்கொண்டு தொங்கும் கருநீலச் சிப்பி அது. குமரி மாவட்டக் கரையில் பாறைகளிலிருந்து சுரண்டி எடுக்கும் பழுப்புச் சிப்பியும், மலபாரில் கல்லும்மக்காய் என்று பொரித்துத் தின்பதும் இதற்கு ஒன்றுவிட்ட சொந்தங்கள். மட்டிக்குள் மணல் இருக்கும் என்பதால் அதை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு மணலைக் கக்கவைப்பது சரி. மூலுக்கு அந்தத் தேவை அநேகமாக இல்லை. பிரான்சில் வளர்ப்பதில் பெரும்பகுதி 'புஷோ' முறையில், கரையோரம் வரிசையாக நட்ட கம்பங்களில் வளர்வது. அடிமணலைத் தொடாமலே வளர்வதால் உள்ளே மணல் சேராது. மோன் சான் மிஷேல் விரிகுடாவின் புஷோ மூலுக்கு 2006 இல் ஏ.ஓ.சி. என்னும் பிறப்பிடச் சான்று கிடைத்தது; பிரான்சில் அந்தச் சான்றைப் பெற்ற முதல் கடலுணவு அதுதான். ஒல்லாந்தின் யேர்செக்கயிலிருந்து வரும் பெரிய மூல் கடலடியில் வளர்வது. அதையும் விற்பனைக்கு விடுமுன் சுத்தமான கடல்நீரில் கிடத்தி மணலைக் கக்கவைத்துத்தான் அனுப்புகிறார்கள்.

ஊறப்போடுவதால் பயன் இல்லை என்பதோடு முடிந்தால் பரவாயில்லை. குழாய்த் தண்ணீர் அதைக் கொன்றுவிடும். கடலுப்பிலேயே வாழ்ந்த உயிர் நல்ல தண்ணீரில் விழுந்ததும் ஓட்டை இறுக்கிக்கொள்ளும். அந்த நிலையில் மாவையும் தின்னாது, மணலையும் கக்காது. நேரம் போகப்போகச் செத்துப்போகும். செத்த சிப்பியில் பக்டீரியா பெருக அதிக நேரம் எடுக்காது. ஆகவே மாவு வேண்டாம், ஊறலும் வேண்டாம். ஓடும் குளிர்த்தண்ணீரில் சமைப்பதற்குச் சற்று முன் விரைவாகக் கழுவினால் போதும்.

வாங்கும் இடத்திலேயே பாதி வேலை இருக்கிறது. மீன்கடைக்காரர் மூட்டையைப் பிரித்து நிறுத்துக் கொடுத்தாலும் அந்த மூட்டையின் சுகாதாரச் சீட்டை 60 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியச் சட்டம். சீட்டைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எங்கிருந்து வந்தது, எந்தத் திகதியில் பொதியிட்டது என்பது அதில் இருக்கும். பொதியாக வாங்கினால் சீட்டு உறையிலேயே இருக்கும். மணத்தைப் பாருங்கள். கடற்காற்று மணந்தால் நல்லது, சாக்கடை வாடை லேசாக வந்தாலும் விட்டுவிடுங்கள். வாய் பிளந்து கிடப்பவை அதிகமாக இருக்கும் குவியலை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள்.

சந்தையில் சில கடைகளில் லீற்றர் கணக்கில் விற்பார்கள். ஒரு லீற்றர் ஏறக்குறைய 700 முதல் 800 கிராம் வரும். அதில் ஓடுதான் பெரும்பங்கு, சதை நாலில் ஒரு பங்கு தேறினாலே நல்ல சரக்கு. அதனால் 'நாலு பேருக்கு ஒரு கிலோ' என்று குறிப்பில் வந்த கணக்கு யாருக்கும் வயிறு நிறையாத கணக்கு. பொரித்த உருளைக்கிழங்கோடு முழுச் சாப்பாடாக வைத்தால் ஆளுக்கு 700 கிராமாவது வேண்டும். பெல்ஜியத்தில் ஒருவருக்கு ஒரு கிலோச் சட்டியையே தனியாகக் கொண்டுவந்து வைப்பார்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பிளாஸ்ரிக் பையிலிருந்து வெளியே எடுத்துவிட வேண்டும். மூடிக் கட்டிய பைக்குள் மூச்சு முட்டிச் சாகும். அகன்ற பாத்திரத்தில் போட்டு, ஈரத் துணியால் மூடி, பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். அடியில் கசியும் தண்ணீரை ஊற்றிவிடுங்கள். வாங்கிய அன்றே சமைப்பது நல்லது. மறுநாளைக்கு மேல் தள்ளவேண்டாம். ஐஸ் கட்டிக்குள் புதைப்பதும் கூடாது, உருகும் ஐஸும் நல்ல தண்ணீர்தானே.

சுத்தம் செய்வதைக் குறிப்பு ஒரே வரியில் கடந்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு சிப்பியும் கையில் வந்து போகும் ஒரே தருணம் இதுதான். ஒன்றைக் கையில் எடுங்கள். தட்டையான ஓரத்தில், இரு ஓடுகளுக்கும் நடுவிலிருந்து தேங்காய்த் தும்பு போல ஒரு கற்றை நீட்டிக்கொண்டிருக்கும். இதைத் தாடி என்பார்கள். கத்தியின் முதுகுக்கும் பெருவிரலுக்கும் இடையில் பிடித்து, ஓடுகள் சேர்ந்திருக்கும் கூர்முனைப் பக்கமாக இழுத்தால் பிய்ந்து வந்துவிடும். எதிர்ப்பக்கம் இழுத்தால் உள்சதை கிழியும். தாடியை எடுத்த சிப்பி அதிக நேரம் தாங்காது. அதனால் காலையிலேயே எடுத்து வைக்காமல் அடுப்பு மூட்டும் நேரத்தில் எடுங்கள். ஓட்டில் ஒட்டிய வெள்ளைச் சுண்ணாம்புக் கொட்டுகளைக் கத்தியால் சுரண்டிவிட்டால் சாறு கலங்காது. சுரண்டாமல் விட்டாலும் குற்றமில்லை.

உடைந்த ஓடு இருந்தால் எறிந்துவிடுங்கள். வாய் திறந்திருப்பதை மேசையில் ஒரு தட்டுத் தட்டி வைத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள். உயிர் இருந்தால் மெல்ல மூடும். பிரிட்ஜில் இருந்து வந்த சிப்பி குளிரில் மந்தமாக இருக்கும், ஒரு நிமிடம் கொடுக்க வேண்டும். தட்டியதும் மூடவில்லையே என்று நல்லதையெல்லாம் குப்பையில் போடுபவர்கள் உண்டு. அளவுக்கு மீறிக் கனக்கும் சிப்பியில் சந்தேகம் வேண்டும். இரு ஓடுகளையும் விரலால் ஒன்றின்மேல் ஒன்று பக்கவாட்டில் நகர்த்திப் பாருங்கள். உயிருள்ளது அசையாது. வழுக்கி நகர்ந்தால் உள்ளே சேறுதான். அப்படி ஒன்று சட்டிக்குள் திறந்தால் முழுச் சாறும் போச்சு.

இனி வைன். 2 கிலோ மூலுக்கு 200 மில்லிலீற்றர் போதும், அதிகம் என்றால் 250. அரைப் போத்தல் எதற்கு? சிப்பிகளை வேகவைப்பது வைன் அல்ல, ஆவி. வைனின் வேலை முதல் ஆவியைக் கிளப்புவதும் புளிப்பையும் மணத்தையும் கொடுப்பதும்தான். ஓடுகள் திறந்ததும் அவற்றுக்குள் இருந்த கடல்நீர் கொட்டி, சட்டியில் திரவம் தானாக இரண்டு மூன்று மடங்காகும். வைனை அளவுக்கு மீறி ஊற்றினால் புளிப்புத்தான் முன்னுக்கு நிற்கும், சிப்பியின் இனிப்பு தெரியாது. இனிப்பு வைன் வேண்டாம். ஓக் பீப்பாயில் வைத்த வைனும் வேண்டாம். அந்த மரவாசம் சூட்டில் கசப்பாக மாறும். பிரான்சின் லுவார் ஆறு கடலில் சேரும் பகுதியின் மஸ்கடே வைன் இதற்கென்றே பிறந்தது போல. சோவிஞ்ஞோன், பிக்புல் இரண்டும் நல்லவை. விலை உயர்ந்ததை ஊற்றத் தேவையில்லை. ஆனால் குடிக்க முடியாத வைன் சட்டிக்குள் போனதும் திருந்திவிடாது.

மற்றச் சாமான்கள்: பட்டர் 50 கிராம், எஷலோட் 100 கிராம், தைம் இரண்டு கிளை, லோறியே (பே லீஃப்) இலை ஒன்று, தட்டை இலைப் பார்ஸ்லி ஒரு கைப்பிடி, அப்போது இடித்த மிளகு. எஷலோட் கிடைக்காவிட்டால் நம்முடைய சின்ன வெங்காயம் அதற்கு நெருங்கிய சொந்தம்தான், தயங்காமல் போடலாம். லோறியேக்குப் பதிலாகத் தமிழ்க் கடைப் பிரிஞ்சி இலையைப் போடச் சொல்லியிருந்தது குறிப்பு. அது கறுவா இனத்து இலை, மணம் முற்றிலும் வேறு. அதைவிட இலையே இல்லாமல் செய்வது மேல். உள்ளி போடுவதா இல்லையா என்று பிரான்சிலேயே இரண்டு கட்சி. மரினியேர் என்று பெயர் சொன்னால் உள்ளி இல்லை என்பார்கள் பழைய ஆட்கள். ஒரு பல்லை நசித்துப் போட்டால் யாரும் பொலிசைக் கூப்பிடப் போவதில்லை.

சட்டி பெரிதாக இருக்கவேண்டும். 2 கிலோவுக்கு 6 லீற்றருக்குக் குறையாத, அடி தடித்த, இறுக்கமான மூடியுள்ள சட்டி. ஓடுகள் திறக்கும்போது குவியல் ஏறக்குறைய இரட்டிப்பாகும். சிறிய சட்டியில் திணித்தால் அடியில் உள்ளது காய்ந்து சுருங்கும்போது மேலே உள்ளது இன்னும் மூடியே கிடக்கும். பெரிய சட்டி இல்லையென்றால் இரண்டு தரமாகச் செய்யுங்கள், ஐந்து ஐந்து நிமிடம்தானே. பூச்சில்லாத அலுமினியச் சட்டியைத் தவிருங்கள். வைனின் புளிப்புப் பட்டுச் சாறில் உலோகச் சுவை ஏறும்.

30 கிராம் பட்டரை நடுத்தர நெருப்பில் உருக்கி, பொடியாக வெட்டிய எஷலோட்டைப் போட்டு 4, 5 நிமிடம் வதக்குங்கள். பொன்னிறம் வரக்கூடாது. கறிக்கு வெங்காயம் சிவக்கவேண்டும் என்று பழகிய கைக்கு இது கஷ்டம்தான், ஆனால் இங்கே சிவந்தால் சாறு இனித்துக் கறுக்கும். தைம், லோறியே, வைன் சேர்த்து நெருப்பைக் கூட்டி 2 நிமிடம் கொதிக்கவிடுங்கள். பச்சை வைனின் காரநெடி இந்த இரண்டு நிமிடத்தில்தான் போகும்; குளிர்ந்த வைனையும் சிப்பியையும் ஒன்றாகப் போட்டு அடுப்பில் ஏற்றினால் அந்த நெடி கடைசிவரை நிற்கும். நன்றாகக் கொதிக்கும்போது சிப்பிகளைக் கொட்டி மூடுங்கள். நெருப்பு இருக்கிற அளவுக்குக் கூடுதலாக இருக்கட்டும்.

ஒன்றரை, இரண்டு நிமிடத்தில் மூடியின் ஓரத்தால் ஆவி சீறும். அப்போது மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, இரு கையாலும் சட்டியைத் தூக்கி ஒரு குலுக்கு, அடியில் உள்ளது மேலே வரும்படி. இன்னொரு நிமிடம் கழித்து இன்னொரு குலுக்கு. சிறிய புஷோ 3, 4 நிமிடத்தில் முடிந்துவிடும், பெரிய ஒல்லாந்து மூலுக்கு 5 நிமிடம். மூடியைத் திறந்து பாருங்கள். பெரும்பாலானவை வாய் திறந்து, சதை ஓரம் சுருண்டு, ஓட்டில் பிடிப்புடன் உப்பி நின்றால் உடனே இறக்கவேண்டியதுதான். திறந்த பின்னும் அடுப்பில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் சதையிலிருந்து நீர் பிழிந்துபோகும். குறிப்பில் சொன்ன 15 நிமிடத்தில் பெருவிரல் அளவு சதை பட்டாணி அளவுக்கு வந்துவிடும்.

திறக்காதவற்றை என்ன செய்வது? நல்ல சதையை ஓட்டோடு இறுகப் பிடித்திருக்கும் தசை சிலவற்றில் சூட்டுக்கும் விடுவதில்லை. மூடியிருக்கிறது என்பதாலேயே அது கெட்டது என்று அர்த்தமில்லை. அவற்றை மட்டும் இன்னொரு நிமிடம் சூடுகாட்டுங்கள். அதன் பிறகும் திறக்காவிட்டால் எறிந்துவிடுங்கள், இரண்டு சிப்பிக்காக வாதாட வேண்டியதில்லை. மறுபக்கம்தான் முக்கியம். திறந்துவிட்டது என்பதால் மட்டும் அது நல்லது என்றாகிவிடாது, செத்த சிப்பியும் சட்டிக்குள் திறந்தே கிடக்கும். சமைக்குமுன் தட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டுச் சமைத்தபின் ஓட்டைப் பார்த்து ஆறுதலடைவது வீண்.

சிப்பிகளை ஓட்டைக் கரண்டியால் சூடான பாத்திரத்துக்கு மாற்றி, சாறை ஒரு நிமிடம் அசையாமல் விடுங்கள். மணல் இருந்தால் அடியில் தங்கும். கடைசி ஒரு கரண்டியை விட்டுவிட்டு மற்றதை மெல்லச் சாய்த்து எடுத்து, மீதி 20 கிராம் குளிர்ந்த பட்டரைப் போட்டுச் சுழற்றி, பார்ஸ்லியும் மிளகும் தூவி மேலே ஊற்றுங்கள். உப்பு? ஒரு கல் கூட வேண்டாம். ஓட்டுக்குள் இருந்தது கடல்நீர், லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு அதிலேயே இருக்கிறது. உப்புப் பட்டரும் வேண்டாம். எல்லாம் கவனித்தும் சாறு உப்புக் கரித்தால் கொஞ்சம் கிறீமோ வெந்நீரோ சேர்க்கலாம். சாறைக் கொதிக்கவைத்து வற்றவைப்பது நிலைமையை மோசமாக்கும். கிறீம் ஊற்றுவதென்றால் சிப்பியை எடுத்த பிறகு, சிறு நெருப்பில், கொழுப்பு 30 வீதத்துக்குக் குறையாதது. கொழுப்புக் குறைந்தது புளிப்பில் திரிந்துவிடும்.

தட்டில் வந்ததும் இரண்டு கேள்வி வரும். சில சதை செம்மஞ்சள், சில வெளிறிய பால்நிறம். செம்மஞ்சள் பெண், வெள்ளை ஆண், இரண்டும் வெந்தவைதான். சில நேரம் உள்ளே பட்டாணி அளவு நண்டுக் குஞ்சு ஒன்று இருக்கும். அது சிப்பிக்குள்ளேயே குடியிருக்கும் நண்டினம், கெடுதல் இல்லை. ஆனால் நண்டு, இறால் ஒத்துக்கொள்ளாதவர்கள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கரண்டி முள்ளுக்கு வேலையில்லை. முதல் சிப்பியைத் தின்றுவிட்டு அதன் வெற்று ஓட்டையே இடுக்கியாக வைத்து மற்றதை எடுக்கலாம். சாறுக்குப் பாண்.

குறிப்பு ஒரு இடத்தில் 'அல்ககோல் முழுவதும் ஆவியாகிவிடும், சிறுவருக்கும் கொடுக்கலாம்' என்கிறது. இது தவறு. அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் அட்டவணைப்படி, கொதிக்கும் திரவத்தில் அல்ககோலை ஊற்றி உடனே இறக்கினால் 85 வீதம் மிஞ்சும். 15 நிமிடம் கொதித்தாலும் 40 வீதம் மிஞ்சும். ஐந்து நிமிடச் சமையலில் கணிசமான பங்கு சாறில் இருக்கும். மதுவை விலக்கியவர்களும் விரதகாரரும் விருந்துக்கு வருவதென்றால் சொல்லிவிடுவது மரியாதை. அவர்களுக்கு வைனுக்குப் பதில் 150 மில்லிலீற்றர் தண்ணீரும் ஒன்றரை மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறும் போட்டுச் செய்யலாம்; பழுக்காத புளிப்புத் திராட்சையின் சாறான 'வெர்ஜு' கிடைத்தால் இன்னும் நல்லது. அப்பிள் மதுவான சீதர் அல்ககோல் இல்லாதது என்று நினைத்து ஏமாறவேண்டாம்.

விடுமுறைக்குக் கடற்கரைக்குப் போகிறவர்கள் பாறையிலிருந்து தாங்களே பறித்துச் சமைக்கலாம் என்று கடைசி வரியில் வந்ததுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. கடலில் சில நுண்பாசிகள் பெருகும்போது அவற்றின் நஞ்சு சிப்பிக்குள் சேரும். அந்த நஞ்சு வைனிலும் சாகாது, கொதியிலும் சாகாது. சிப்பி பார்வைக்கும் மணத்துக்கும் நன்றாகவே இருக்கும். 1987 இல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவு மூல் தின்று நூற்றுக்கு மேற்பட்டோர் நோயுற்றனர், சிலர் இறந்தனர், சிலருக்கு நினைவாற்றலே போனது. 1997 இல் கேரளத்தின் விழிஞ்ஞத்திலும் சிப்பி உண்டவர்கள் 7 பேர் இறந்தனர். பிரான்சில் இஃப்ரமேர் என்னும் கடலாய்வு நிறுவனம் 1984 முதல் 'றெஃபி' என்ற கண்காணிப்பு வலையமைப்பை நடத்துகிறது. நஞ்சு அளவு மீறினால் அந்தக் கரையை மூடுவார்கள். பறிக்கப் போகுமுன் அந்தந்த நகரசபையிலோ மாகாண அறிவிப்பிலோ கரை திறந்திருக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். பெயரில் 'ஆர்' எழுத்து வரும் மாதத்தில் மட்டும் தின்னலாம் என்ற பழமொழியை இதற்கு நம்பக்கூடாது. புஷோ மூல் சதைபிடித்துச் சந்தைக்கு வரத் தொடங்குவதே பிரெஞ்சுப் பெயரில் ஆர் இல்லாத ஜுய்யே (யூலை) மாதத்தில்தான்.

உறைந்த மூல் பற்றியும் ஒரு வார்த்தை. சிலியிலிருந்து ஓடில்லாமல் வரும் பைகளில் இருப்பது ஏற்கெனவே அவித்தது. இந்தச் செய்முறைக்கு அது சரிவராது. சாறு கொடுக்க ஓட்டுக்குள் ஒன்றுமில்லை, மறுபடி வேகவைத்தால் றப்பர்தான். அதை வேறு கறிக்கோ சோற்றுக்கோ கடைசி ஒரு நிமிடத்தில் சேர்த்துச் சூடாக்க மட்டும் பயன்படுத்துங்கள்.

கறித்தூள் போட்டால் பிரெஞ்சுச் சாப்பாடு கெட்டுவிடும் என்று குறிப்பு எழுதியவர் எச்சரித்திருப்பதற்கு மட்டும் ஒரு சின்ன மறுப்பு. லா றொஷெல் பக்கத்து 'மூக்லாட்' என்பதே மூல் சாறில் கிறீமும் கறித்தூளும் கலந்து செய்வது. மசாலாக் கப்பல்கள் வந்துபோன துறைமுகத்துப் பழக்கம். ஆனால் அங்கே போடுவது மிளகாய் குறைந்த, மஞ்சள் நிறக் கறித்தூள். யாழ்ப்பாணத்து வறுத்த தூள் அந்த அளவில் போனால் சிப்பி இருந்த இடமே தெரியாது. 2 கிலோவுக்கு அரைத் தேக்கரண்டி, எஷலோட் வதங்கும்போதே.

செப்ரெம்பர் முதல் வாரக்கடைசியில் மூலுக்குப் பேர்போன லில் நகரத்துச் சந்தைக்கும் ஆட்கள் போவார்கள், வீட்டிலும் செய்து பார்ப்பார்கள். அதற்கு முன்னால் குறைந்தது ஊறவைப்பது, உப்பு, 15 நிமிடம், கரையில் பறிப்பது ஆகிய நான்குக்காவது திருத்தம் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உணவகச் சமையலாளர் இருவர்
பரிஸ்